வெள்ளத்தில் நனைந்த ஊர் மலர்கள்: கிளை நூலகத்தில் ஒரு மீட்பு வேலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரை ஊர்களுக்குள் ஆற்றுத் தண்ணீரும் உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்தே வந்தன. எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள் இடுப்பளவு நின்றது. இரும்பு ரேக்குகளின் கீழ்த் தட்டுகள் முழுகிவிட்டன.

வாசகர் வட்டத்தில் இருக்கும் நாங்கள் சிலர் நூலகருடன் சேர்ந்து அதன் பிறகு செய்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். நூலகம் முழுவதையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. மூலையில் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த சில கட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளி விழா மலர், விவசாயிகள் சங்கத் தீர்மான நகல்கள், தேர்த் திருவிழா அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள், இறந்துபோனவர்களுக்கு வீட்டார் அச்சடித்த நினைவு மலர்கள், ஒரு பழைய போட்டோ ஆல்பம். வீட்டை இடிக்கும்போதும் பரணைக் காலி செய்யும்போதும் ஊர்க்காரர்கள் "லைப்ரரில கெடக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனவை.

போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் நாவல்களும் நனைந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் செய்து வைத்த ஏற்பாடு அது. அந்தப் பணத்தில் புத்தகம் வரும். மலர்கள் அப்படி வராது. நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954 முதலே இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் திருவிழா பரபரப்புக்கு நடுவில் ஊர்க் கமிட்டி அச்சடித்த மலரை யார் கட்டித் தபாலில் அனுப்பியிருப்பார்கள்? எங்கள் ஊரைப் பற்றி 1917இல் பேட் எழுதிய திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியரில் சில வரிகள்தான் இருக்கின்றன. கால்டுவெல்லின் 1881 திருநெல்வேலிச் சரித்திரமும் இணையத்தில் கிடைக்கிறது. அவற்றுக்கு எதுவும் ஆகிவிடாது. சணல் கயிற்றுக் கட்டு போனால் போனதுதான். அதனால் நூலகம் திறந்ததும் முதலில் அதைத்தான் தூக்கினோம்.

நனைந்த கட்டைப் பிரித்தது

ஈரக் காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும் என்பது பொதுக் கணக்கு. தண்ணீர் வடிந்து உள்ளே போக முடிந்தபோதே அந்தக் கெடு தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காய வைக்க முடியாது என்பதால் எதை முதலில் தொடுவது என்று பிரித்தோம்.

வழவழப்பான ஆர்ட் பேப்பர் முதல். அந்தத் தாளின் மேல் சீனக் களிமண் கலந்த பூச்சு இருக்கும். நனைந்தால் அந்தப் பூச்சு இளகிப் பசையாகிவிடும். மூடியபடியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும், பிறகு பிரிக்க வழியே கிடையாது. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாக விலக்கி இடையில் தாள் வைக்க வேண்டும். மலர்களில் படங்கள் இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் இந்தத் தாள்தான். பழைய சாதாரணத் தாள் கொஞ்சம் பொறுக்கும். போட்டோக்கள் தனி.

வண்டல் அப்பியிருந்த மலர்களைத் திறக்காமல், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி அலசினோம். திறந்துவிட்டால் சேறு உள்ளே போய்விடும். அலசும் முன் ஒரு சோதனை உண்டு. ஈரப் பஞ்சை எழுத்தின் ஓரத்தில் லேசாக ஒற்றி எடுத்தால் மை பஞ்சில் இறங்குகிறதா என்று தெரியும். அச்சு மை இறங்கவில்லை. நூலகத்தின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப்பும் பேனாவில் எழுதிய அன்பளிப்புக் குறிப்புகளும் இறங்கின. அப்படிப்பட்டவற்றை அலசாமல் ஒற்றி எடுத்ததோடு விட்டோம்.

இடையில் வைக்க ஒற்றுத்தாள் கிடைக்கவில்லை. அச்சகத்தில் அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் வாங்கினோம். அச்சடித்த பழைய பேப்பரை வைத்தால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். சில பக்கங்களுக்கு ஒரு தாள் என்று வைத்து, அது நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது. தாள் முறுக்கிக்கொண்டு மொறுமொறுவென்று ஆகிவிடும். நிழலும் காற்றும் போதும். கொடிக் கயிறு கட்டி, மெல்லிய மலர்களை நடுமடிப்பில் தொங்கவிட்டோம். கனமானவற்றைத் தொங்கவிட்டால் முதுகு கிழியும் என்பதால் அவற்றை விசிறி மாதிரி விரித்து நிமிர்த்தி வைத்தோம்.

கை போதாமல் மிஞ்சியதைக் காப்பாற்றியது ஐஸ்கிரீம் டீலர் ஒருவரின் டீப் ஃப்ரீசர். மேட்டுப் பகுதியில் கரண்ட் திரும்பியதும் காலியாகக் கிடந்த ஒரு பெட்டியை எங்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு மலரையும் தனித்தனி பாலித்தீன் பையில் போட்டு உள்ளே அடுக்கினோம். மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை சாகாது, ஆனால் வளராமல் நின்றுவிடும். ஆர்ட் பேப்பரும் ஒட்டிக்கொள்ளாது. பிறகு கைக்கு முடிந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக் காய வைத்தோம். வெள்ளம் வரும் ஊரில் இருக்கும் எந்த நூலகத்துக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: பக்கத்தில் யாரிடம் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோக்களை ஃப்ரீசரில் வைக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. ஆல்பத்துப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் படம் பிளாஸ்டிக்கோடு போய்விடும். ஆல்பத்தை அப்படியே சுத்தத் தண்ணீரில் மூழ்க வைத்து, தானாக விலகி வந்த படங்களை எடுத்து, முகம் மேலே தெரியும்படி பரப்பிக் காய வைத்தோம். முகத்தில் விரல் படவே கூடாது.

பூஞ்சை பிடித்தவற்றை முழுக்கக் காய்ந்த பிறகே தொட்டோம். ஈரத்தில் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கும். திறந்த வெளியில் நின்று, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். டெட்டால், ஃபினாயில் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

அல்வாப் பாலில் பசை

கிழிசல் ஒட்டும் வேலைக்குப் பசை வேண்டும். ஊரில் பைண்டிங் செய்பவர்கள் மைதாவைக் காய்ச்சி அதில் மயில்துத்தம் போடுவார்கள். "துத்தம் போடாட்டி பூச்சி தின்னுரும்லா தம்பி" என்றார் எங்களுக்குத் தெரிந்த பைண்டர் அண்ணாச்சி. கணக்கு நோட்டுக்கு அது சரி. ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் வருடக்கணக்கில் தாளை அரித்து, பசை பட்ட இடத்தைப் பழுப்பாக்கி உடைய வைக்கும். பழைய ஆவணங்களுக்கு அது ஆகாது. மைதாவில் இருக்கும் புரதமும் ஆகாது. ஆவணக் காப்பு வேலை செய்கிறவர்கள் புரதம் நீக்கிய கோதுமை மாச்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் அதை எங்கே வாங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு அதைத் தேட வேண்டியதே இல்லை. அல்வாவுக்கு எடுக்கிற கோதுமைப் பால்தான் அது.

கல்யாண வீடுகளுக்கு அல்வா கிண்டும் தவசுப்பிள்ளை ஒருவரிடம் போய்க் கேட்டேன். "ராத்திரி சம்பா கோதுமைய ஊறப் போட்டு காலைல ஆட்டணும். பாலப் பிழிஞ்சு வச்சிட்டு அசைக்கவே கூடாது. மேல நிக்க தண்ணிய வடிச்சிட்டா அடியில கட்டியா நிக்கும் பாருங்க, அதுதான் உங்களுக்கு வேணும்" என்றார். காகிதத்துக்கு என்று தெரிந்ததும் அவரே நன்றாகப் பல தடவை அலசி, சக்கை துளியும் இல்லாத வெள்ளை மண்டியாகக் கொடுத்தார்.

அந்த மண்டி ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு. அடி பிடிக்காமல் மெல்லிய தீயில் கிண்ட வேண்டும். பால் வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். இந்தப் பசையின் பெரிய நல்ல குணம், பின்னால் யாராவது நம் ஒட்டைப் பிரிக்க நினைத்தால் தண்ணீர் தொட்டே பிரித்துவிடலாம். செல்லோடேப்பில் அது நடக்காது. மலர்களில் முன்பே யாரோ ஒட்டிய செல்லோடேப் பழுத்துக் கிடந்தது. எழுத்தின் மேல் ஒட்டியிருந்த இடங்களில் நாங்கள் அதைத் தொடவில்லை. உரித்தால் எழுத்தும் கூடவே வரும்.

கிழிசலுக்கு மேல் ஒட்ட ஜப்பானியக் காப்புத் தாளைத் தபாலில் வரவழைத்தோம். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு இழுத்து, கையால் பிய்த்தால் ஓரம் பஞ்சு போல நார் விட்டு நிற்கும். அந்த நார்தான் தாளோடு தெரியாமல் கலந்து பிடித்துக்கொள்ளும். ஒட்டிய இடத்தின் மேலும் கீழும் பாலியஸ்டர் ஷீட் வைத்து, அதன் மேல் நியூஸ்பிரின்ட், அதன் மேல் துணி சுற்றிய செங்கல். பிறகு பொறுமை வேண்டும்.

மலர்களுக்கு நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள் துருவேறித் தாளைத் தின்றிருந்தன. அவற்றின் கால்களை மழுங்கிய கத்தியால் பின்பக்கம் நிமிர்த்தி எடுத்துவிட்டு, நடுமடிப்பில் தேன்மெழுகு தடவிய பருத்தி நூலால் தைத்தோம். பழைய துளைகளையே முடிந்தவரை பயன்படுத்தினோம்.

மலரின் வயதைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாதி மலர்களில் ஆண்டே அச்சாகவில்லை. அட்டை போயிருந்த ஒரு கும்பாபிஷேக மலரின் உள்ளே "விளம்பி வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தது. விளம்பி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1898–99, 1958–59, 2018–19. கடைசிப் பக்கத்தில் விலை 75 நயா பைசா. நயா பைசா என்ற பெயர் 1957இலிருந்து 1964 வரைதான் புழக்கத்தில் இருந்தது. ஆக அந்த மலர் 1959 ஜனவரி மத்தியிலிருந்து பிப்ரவரி மத்திக்குள் நடந்த கும்பாபிஷேகத்துடையது.

இப்படிப் பல தடயங்கள் உண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "சென்னை ராஜ்யம்" என்றிருந்தால் 1969க்கு முன். "சிதம்பரனார் மாவட்டம்" (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) என்று அச்சாகியிருந்தால் 1986 அக்டோபருக்கும் 1997க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் தலைவர்கள் பெயரில் இருந்த மாவட்டங்களெல்லாம் 1997இல் ஊர்ப் பெயருக்கு மாறின. எழுத்தும் உதவும். னை, லை, ணை போன்றவற்றில் கொம்பு மேலே வளைந்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய அச்சு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சின்ன அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தைத் தேய்கிற வரை ஓட்டின என்பதால் இந்தத் தடயத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அந்த விளம்பி மலரில் தலபுராணமும் வாழ்த்துப் பாக்களும் வழக்கம் போல இருக்கின்றன. சொத்து, அதன் பின்பாதியில் இருக்கும் உபயதாரர் பட்டியல். பெயர், தொழில், தெரு, கொடுத்த தொகை. பாத்திரக்கடை, கருப்பட்டி மண்டி, வெற்றிலைக் கொடிக்கால், மதுரை கீழமாசி வீதி, தூத்துக்குடி. நடுவில் இரண்டு பக்கத்துக்குக் கொழும்பு செட்டியார் தெருவும் கண்டியும். எங்கள் ஊரிலிருந்து யார் யார் கடல் தாண்டிக் கடை வைத்தார்கள், எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்பது எந்த கெஜட்டியரிலும் வராது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி இரண்டு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தாவதற்கு ஐந்து ஆண்டுக்கு முந்தைய பட்டியல் இது. ஒரு பெரியவர் இதில் தன் தாத்தா பெயரைத் தேடி எடுத்தார். அந்த வீட்டில் இருந்த கடைசிக் காகிதமும் இதே வெள்ளத்தில் போய்விட்டதாம்.

பள்ளிக்கூட நூற்றாண்டு மலரில் ஓவிய ஆசிரியர் வரைந்த ஊர்ப் படம் ஒன்று இருக்கிறது. குளம், மடை, குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகால், மறுகால் ஓடை போகிற தடம், அதன் மேல் இருந்த கல்பாலம் எல்லாம் பெயரோடு. இன்று அந்தத் தடத்தில் பாதி வீட்டுமனை. தண்ணீர் ஏன் அந்தத் தெருவுக்குள் திரும்பியது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் படத்தின் நகலை வாங்கிப் போய், வருவாய்த் துறையின் புலப்படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அரசு ஆவணத்துக்கு இருக்கிற மதிப்பு இந்தப் படத்துக்குக் கிடையாது. ஆனால் எதைத் தேடுவது என்று அது காட்டிக் கொடுத்தது.

பதிவெண்ணும் அடுக்கும்

இவ்வளவு நாள் இந்தக் கட்டு கவனிப்பாரற்றுக் கிடந்ததற்குக் காரணம், இவற்றுக்குப் பதிவெண்ணே இல்லை. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறாத பொருள் இருப்புச் சரிபார்ப்பில் கணக்குக்கு வராது. கழிவுக் காகிதத்தோடு போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நூலகர் இப்போது ஒவ்வொன்றையும் நன்கொடை என்று பதிவேட்டில் ஏற்றுகிறார். நாலு பக்க நோட்டீஸாக இருந்தாலும் ஒரு எண். என்னைக் கேட்டால் ஒட்டுப் போட்டதை விட இதுதான் பெரிய வேலை.

அடுத்த கேள்வி எங்கே அடுக்குவது. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் தூயி (Dewey) தசமப் பகுப்பை அப்படியே பின்பற்றினால் தமிழ்நாட்டு வரலாறு 954.82க்குப் போகும், கோயில் மலர் 294.5க்கு, கூட்டுறவுச் சங்க மலர் 334க்கு, நினைவு மலர் 920க்கு. ஒரே ஊர் நாலு அலமாரிக்குச் சிதறிவிடும். பகுப்பு எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பொருளை மட்டும் 'ஊர் வரலாறு' என்று ஒரே பீரோவில் வைத்தோம். உள்ளே கோயில், பள்ளி, சங்கம், நீர், கலை, குடும்பம் என்று பிரிவுகள். இந்த யோசனைக்கு ஈழத்தின் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட மண்ணின் எழுத்துகளை 2005 முதல் இணையத்தில் சேர்த்து வருகிறவர்கள் அவர்கள். நினைவு மலர், சிறப்பு மலர், பிரசுரம் என்று தனித்தனிப் பிரிவு வைத்து, புத்தகத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அவற்றுக்கும் கொடுக்கிறார்கள்.

பீரோவின் அடித்தட்டை இனி காலியாகவே விடுவோம். மலர்களை இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்கிய காடாத் துணியில் சுற்றியிருக்கிறோம். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு அதுவே தீனி. அந்துருண்டைக்குப் பதில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை பொடித்து, கற்பூரம் சேர்த்த துணிப் பொட்டலம் வைக்கிறோம். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கிற கலவை இது. வாடை போனதும் மாற்ற வேண்டும். எண்களை எல்லாம் பென்சிலால் மட்டுமே எழுதுகிறோம்.

படம் எடுத்ததும் பகிர்வதும்

ஸ்கேனர் இல்லை. ஒரு ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டிய செல்போன், கீழே கறுப்புத் துணி, பக்கத்தை அழுத்த ஒரு கண்ணாடித் தகடு, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு. நேர் மேலே விளக்கு இருந்தால் கண்ணாடியில் பளபளக்கும். எடுத்த படங்களை ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் நேராக்கி, ஓரம் வெட்டி, பிடிஎஃப் ஆக்குகிறோம். டெஸராக்ட் என்ற எழுத்துணரி புது எழுத்து அச்சை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. பழைய ஈய எழுத்தில், குறிப்பாகக் கொம்பு வளைந்த ணை, லை வரும் இடங்களில் தடுமாறுகிறது. அதனால் முழுப் பாடத்தையும் திருத்தும் ஆசையை விட்டுவிட்டு, ஆட்பெயர், தெரு, தொழில், குளம் ஆகியவற்றுக்கு மட்டும் கையால் ஒரு அடைவு தட்டச்சு செய்கிறோம். வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கிற நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க, லாப நோக்கில்லாத பொது நூலகத்துக்கு 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம். இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். ஆசிரியர் பெயரில்லாத வெளியீட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, பெயர் போட்ட கட்டுரைக்கு எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு. எனவே 1959 மலரின் உபயதாரர் பட்டியலைப் போடலாம், கையெழுத்திட்ட கட்டுரைகளுக்குக் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். இதுவரை கேட்ட வீடுகளில் சந்தோஷமாகவே சம்மதித்தார்கள். குடும்ப நினைவு மலர்களை மட்டும், சட்டம் எதுவானாலும், வீட்டார் சரி என்று சொன்னால் ஒழிய வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்து ஒலிநாடாக்கள். கொடை விழாக்களில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன, சில வெள்ளத்தில் நனைந்தவை. நனைந்த கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். சுருள் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கூட்டைத் திறக்காமல், எந்தக் கோயில், எந்த வருடக் கொடை என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து, நூலகத்தில் கொடுங்கள். பதிவெண் போட்டு ரசீது தருவார்கள்.